கோடையில் பாலைவன முகாம்: டெத் வேலிக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் என்பதால், கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் வசிக்கும் நம் குடும்பங்கள் பலவும் டெத் வேலி தேசியப் பூங்காவையும் மொஹாவி பாலைவனத்தையும் பார்க்க மிகக் கடுமையான மாதங்களில்தான் கிளம்புகின்றன. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போக முடிந்தவர்கள் அப்போதே போவது நல்லது. கோடையில்தான் முடியும் என்பவர்களுக்காக, அதிலும் முதன்முறை கூடாரம் அடிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து, பல கோடைகள் சென்றுவந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

வேலூரிலும் திருச்சியிலும் மே மாத வெயிலில் வளர்ந்தவர்கள் "நாம் பார்க்காத வெயிலா" என்று நினைப்பது இயல்புதான். இரண்டு காரணங்களால் அந்த நம்பிக்கை இங்கே உதவாது. வெப்பத்துக்குப் பழகிய உடல், குளிரூட்டிய வீட்டிலும் அலுவலகத்திலும் சில வாரங்கள் இருந்தாலே அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. மீண்டும் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அடுத்தது, வெயிலின் அளவே வேறு. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்சக் காற்று வெப்பநிலையாக இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறோர் எண்: 2024 ஜூலையில் இரவையும் பகலையும் சேர்த்துக் கணக்கிட்ட மாதச் சராசரியே அங்கே 42.5 டிகிரி. பகல் வெப்பத்தை நிழலையும் நீரையும் கொண்டு ஒருவர் தாங்கிவிடலாம். ஏறிய வெப்பத்தை இறக்கிவைக்க ஓர் இரவு கிடைக்காவிட்டால் இரண்டாம் நாள் தாங்காது. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த இரவை மையமாகக் கொண்டவை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கூடாரத்துக்கும் மின்விசிறிக்கும் ஐஸ் பெட்டிக்கும் செலவழிக்கும் முன், முகாமிடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 முதல் 9 டிகிரி வரை குறையும். எந்தக் கடையிலும் இதற்கு ஈடான பொருள் கிடைக்காது. ஃபர்னஸ் கிரீக் முகாம் கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே இருக்கிறது. ஜூலையில் அங்கே பகல் உச்சம் சராசரியாக 47 டிகிரியை ஒட்டியிருக்கும். அதே பூங்காவின் மேற்குப் பக்கத்தில், பனமிண்ட் மலைத்தொடரில், வைல்ட்ரோஸ் முகாம் சுமார் 1,250 மீட்டர் உயரத்திலும், தார்ன்டைக் சுமார் 2,250 மீட்டரிலும், மஹாகனி ஃப்ளாட் சுமார் 2,500 மீட்டரிலும் இருக்கின்றன. கீழே வியர்த்துக்கொண்டே விழித்திருக்க நேரும் அதே இரவில் மஹாகனி ஃப்ளாட்டில் போர்வை தேவைப்படும். ஆனால் மேலே உள்ள இரண்டு இடங்களுக்கும் செல்லும் பாதை கரடுமுரடானது. அடிப்பாகம் உயரமான வண்டி வேண்டும், அங்கே தண்ணீரும் கிடையாது. முதன்முறை செல்வோருக்கு வைல்ட்ரோஸ் போதுமானது என்பது என் கருத்து. ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குப் போகிறவர்கள், தண்ணீர் வசதியுள்ள, 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாக் ராக் முகாமைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பூங்காவின் உட்பகுதி முகாம்களில் குழாய் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், பூங்காவின் இணையதளத்தில் பாதைகள் திறந்திருக்கின்றனவா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சம் டெத் வேலியில் ஓர் ஆண்டில் பெய்யவேண்டிய மழையை ஒரே நாளில் கொட்டியது. பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை தொலைவில் எங்கோ மலைமேல் பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாமலே, காய்ந்த ஓடையில் சேறும் பாறையுமாக இறங்கி வரக்கூடும். ஆகையால் மணல் மெத்தென்று இருக்கிறது, கரை காற்றைத் தடுக்கிறது என்று எண்ணி, வறண்ட ஓடைப் படுகையில் ஒருபோதும் கூடாரம் அடிக்கக்கூடாது.

யார் வரலாம், யார் வேண்டாம்

கைக்குழந்தைகளையும் கருவுற்றிருப்பவர்களையும் கோடையில் பள்ளத்தாக்கின் தரைமட்டத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நீர் பிரிக்கும் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர்கள், சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழக்கும்; ஐஸில் நேரடியாகப் பட்டு உறைந்தாலும் கெடும். ஐஸ் பெட்டியில் ஒரு துண்டில் சுற்றி வைப்பதே சரி.

தண்ணீரும் உப்பும்

சென்னையில் வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டும். ஆகையால் எவ்வளவு வியர்த்தோம் என்று நமக்குத் தெரியும். பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் தோன்றியவுடன் ஆவியாகிவிடுகிறது. கையைத் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் உடலும் குளிர்கிறது: ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பானையில் தண்ணீர் வற்றினால் குளிர்ச்சியும் நிற்கும். நீர் இறங்கிக்கொண்டிருப்பதை உணராமலே ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழக்கலாம்.

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. சமையல், கைகால் கழுவுதல், துணி நனைத்தல் எல்லாம் சேர்த்து நான் 8 லிட்டர் என்று கணக்கிடுகிறேன். நான்கு பேர் இரண்டு நாள் தங்க 64 லிட்டர். அதோடு வண்டி பழுதாகி ஒரு நாள் கூடுதலாக நிற்க நேர்ந்தால் என்று இன்னும் 32 லிட்டர். ஐந்து 19 லிட்டர் கேன்கள் இதற்கு ஏறக்குறையப் போதும். குழாய் உள்ள முகாமுக்குச் சென்றாலும் பாதியையாவது கையில் வைத்திருங்கள். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றக்கூடாது. விரிசல் விட்ட ஒரு கேனால் மொத்தப் பயணமும் ஆபத்தில் முடியலாம். கேன்களை வெயிலில் விடாமல் போர்வை போர்த்தி நிழலில் வையுங்கள், இல்லையேல் மதியம் குடிக்க வெந்நீர்தான் கிடைக்கும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் வெளியே நடமாடும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிப்பது நல்ல முறை. அதே சமயம் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வரும். பார்ப்பவர்கள் அதைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி மேலும் மேலும் குடிக்கக் கொடுப்பார்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கைகொடுக்கும். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, ஊறுகாயோடு உண்ணும் சோறு ஆகியவை இழந்த உப்பை ஈடுசெய்யும். ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஆளுக்கு நான்காவது வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்கலாம். மதுவைத் தவிர்த்துவிடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி; அடர்ந்த நிறமாக வந்தாலோ, காலையிலிருந்து நண்பகல் வரை கழிக்கவே தோன்றவில்லை என்றாலோ, உடனே நிழலில் உட்கார வேண்டும்.

முகாமுக்கு வந்து சேரும் நேரம்

முதல் பயணத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஃபர்னஸ் கிரீக்கில் வந்து இறங்கியதுதான். குளிரூட்டிய காரில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்த என் மைத்துனன், பிள்ளைகளுக்கு நிழல் வேண்டுமே என்று இறங்கிய வேகத்திலேயே கூடாரத்தை அடிக்க ஆரம்பித்தான். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது, கூடாரக் கம்பியின் நுனியைத் துணியின் மடிப்புக்குள் செருக முயன்று, தவறி, மறுபடி முயன்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னேன். "ஒண்ணுமில்லத்தான், இந்த ஒரு கம்பிய மட்டும் மாட்டிடறேன்" என்றவன், இன்னொரு முறை சொன்னதும் எரிந்து விழுந்தான். கோபப்படும் சுபாவம் அவனுக்குக் கிடையாது. காருக்குள் உட்கார வைத்து, ஈரத் துண்டைத் தலையிலும் கழுத்திலும் போட்டு, உப்பு மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவன் வழக்கம்போலப் பேச ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே முகாமைக் காலிசெய்து மலைக்கு ஏறிவிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் மாலை ஆறரைக்கு முன் எந்த முகாமுக்கும் போய்ச் சேர்வதில்லை. ஜூலையில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் நேரம் போதும். வந்தவுடன் நிழல் கட்டுவது முதல் வேலை, கூடாரம் இரண்டாவது.

நிழலும் படுக்கையும்

கூடாரம் இரவுக்கு மட்டுமானது. நைலான் துணிக்குள் பகலில் வெளியைவிட அதிக வெப்பம் தேங்கும்; பிள்ளைகளை அதற்குள் தூங்கவைக்கக்கூடாது. பகல் முழுவதும் இருக்க, நான்கு கால் பந்தல் ஒன்றோ, கயிறு கட்டி இழுத்த தார்ப்பாயோ வேண்டும். வெள்ளி நிறத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வலைத்துணி கிடைத்தால் அதுவே சிறந்தது. கூடாரத்தின் மேலும் ஒரு விரிப்பைக் கட்டலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி விட்டுக் காற்று ஓடச் செய்ய வேண்டும். ஒட்டிக்கிடந்தால் சூடு அப்படியே உள்ளே இறங்கும். பெரிய பாறைக்குக் கிழக்கே பந்தல் போட்டால் பிற்பகல் வெயில் மறையும், மேற்கே கூடாரம் அடித்தால் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். மாலைக் காற்று பலமாக வீசும். மணலில் முளைக்குச்சிகள் நிற்காது என்பதால், துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைத்துவிடுங்கள்.

தரையின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகம். 1972 ஜூலை 15 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் தரையில் அளந்தது 93.9 டிகிரி. பகலெல்லாம் உறிஞ்சிய அந்தச் சூட்டை மண் இரவில் வெளிவிடும். ஆகையால் தரையில் பாய் விரிக்காமல், காற்று அடியில் ஓடும்படி மடக்குக் கட்டிலில் படுப்பது பெரிய ஆறுதல். வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது நம் பழக்கம். பாலைவனத்தில் அதை ஒரு பையில் போட்டுக் கட்டி உள்ளே வையுங்கள், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். இரவில் தேள் ஏறி உட்கார்ந்திருக்கலாம். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓர் அடிகூட வெளியே வைக்கக்கூடாது.

வெக்கை குறையாத இரவில், பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து போர்த்திக்கொண்டு, பேட்டரி விசிறியை வைத்துப் படுத்தால் உடல் குளிரும். விசிறியைப் பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது உலர்ந்த தோலின்மீது விசிறினால் உடல் குளிராது, அடுப்புக் காற்றைப் போல இன்னும் சூடேறும். தோலோ துணியோ ஈரமாக இருந்தால்தான் விசிறி பயன்படும்.

பகலை நடத்துதல்

காலை நான்கரைக்கு எழுந்து, ஐந்து முதல் எட்டுவரை நடப்பது, பார்ப்பது, படம் எடுப்பது எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். தாழ்வான பகுதிகளில் காலை பத்து மணிக்குப் பிறகு நடக்கவே வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. பிள்ளைகளோடு செல்பவர்கள் அதை எட்டு மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புவெளியை விடியலில் பார்த்துவிட்டுக் காரில் மலைக்குத் திரும்பி, பதினொன்று முதல் மாலை ஐந்து வரை நிழலில் படுத்தோ படித்தோ இருப்பதுதான் அந்த நாளின் வேலை. சும்மா படுத்திருப்பது நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றும், ஆனால் அந்த ஆறு மணி நேரம் உடல் சேமிப்பதைத்தான் மாலையில் செலவழிக்கிறது.

உடை தளர்வாகவும் கையையும் காலையும் மறைப்பதாகவும் இருக்கட்டும். நிறத்தைவிடத் தளர்ச்சிதான் முக்கியம்: பாலைவன அரபு நாடோடிகளான பெதூயின்களின் கறுப்பு அங்கியைப் பற்றி 1980இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, தளர்ந்த அங்கிக்குள் காற்று ஓடுவதால் கறுப்பு அணிந்தவர் வெள்ளை அணிந்தவரைவிடக் கூடுதல் வெப்பத்தை உணரவில்லை என்று காட்டியது. மலையேறுவோர் பருத்தியைத் தவிர்ப்பார்கள். வறண்ட வெயிலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பருத்திதான் நல்லது. அகன்ற விளிம்புத் தொப்பியும், கழுத்தில் நனைத்துப் போட ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டும் எடுத்துவாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 32 டிகிரிக்கு மேல் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பதால், காலையில் கலந்த தயிர்சாதத்தை மதியத்துக்குக் காரில் வைக்காதீர்கள். கெட்டித் தயிரை ஐஸ் பெட்டியில் வைத்துச் சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். குடிப்பவற்றுக்கு ஒரு பெட்டி, உணவுக்கு இன்னொன்று என்று பிரித்தால், அடிக்கடி திறக்கும் பெட்டியால் உணவின் ஐஸ் உருகாது. வீட்டிலேயே தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து எடுத்துச்சென்றால், உருகியதைக் குடிக்கலாம்.

வண்டியும் தொடர்பும்

டயர்களில் காற்றையும் ரேடியேட்டரில் கூலண்ட்டையும் கிளம்பும் முன் பாருங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். மலை ஏறும்போது வெப்ப முள் உயர்ந்தால் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை கிடையாது. வழிகாட்டிச் செயலியை மட்டும் நம்பி மண்பாதையில் திரும்பாமல், காகித வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதன் அருகிலேயே, நிழல் கட்டிக்கொண்டு இருங்கள்; உதவி தேடி நடக்காதீர்கள். 1996 ஜூலையில் நான்கு ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகள் தங்கள் வேன் சிக்கிய இடத்தைவிட்டு நடந்து போனார்கள். பெரியவர்கள் இருவரின் எச்சங்கள் 2009இல்தான் கிடைத்தன. காரின் திரையில் 120 ஃபாரன்ஹீட், அதாவது 49 டிகிரி செல்சியஸ், தாண்டிவிட்டால் மருத்துவ ஹெலிகாப்டரும் பாதுகாப்பாகப் பறக்க முடியாது. 2024 ஜூலையில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் பயணி இறந்தபோது அப்படித்தான் ஆயிற்று.

உடல் தரும் அடையாளங்கள்

இருவர் இருவராகப் பிரிந்து, மணிக்கு ஒருமுறை ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெப்பம் முதலில் மங்கச்செய்வது தன்னைத்தானே கணிக்கும் அறிவை. தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத எரிச்சல், கை தடுமாறுதல் ஆகியவை தொடக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, நனைத்து விசிறி, ஓஆர்எஸ் கொடுங்கள். அரை மணியில் தெளிவு தெரியவில்லை என்றால் மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் 911ஐ அழைக்கட்டும், புதிய கைபேசிகளில் செயற்கைக்கோள் வழியாகவும் அழைக்கலாம். மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே ஏற்றிச் செல்லுதல். ஒரு தார்ப்பாயின் நடுவில் படுக்கவைத்து, நான்கு ஓரங்களையும் தூக்கிப் பிடித்துத் தொட்டிபோல் ஆக்கி, ஐஸ் பெட்டியில் உள்ளதையெல்லாம் தண்ணீரோடு கொட்டி, தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உடலை அலசுங்கள். அவ்வளவு நீர் இல்லையென்றால் உடல் முழுவதையும் நனைத்து விடாமல் விசிறி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இந்தச் சூட்டை அது குறைக்காது.

திரும்புதல்

ஒரு சிறிய வெப்பமானியைக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டு, இரவு பத்து மணிக்குப் பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் நிற்கிறதென்றால் அந்த இரவை அங்கே கழிக்க வேண்டாம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்களே என்று தயங்காமல் காரில் ஏற்றி உயரமான முகாமுக்கோ, ஓட்டல் அறைக்கோ போய்விடுங்கள். கடைசி நாளில் விடிவதற்கு முன்பே மூட்டை கட்டி, வெயில் ஏறும் முன் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடுவது நல்லது. மிச்சமிருக்கும் கேன்களை, பாரமாக இருக்கிறதென்று முகாமிலேயே கவிழ்த்துவிடாதீர்கள். வழியில் முதல் ஊர் வந்து, பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திய பிறகு, அங்கே ஏதாவது ஒரு செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.